பன்னிரண்டு மைப்பொட்டுகள்

பன்னிரண்டு படங்களையும் சீட்டுப் பரப்புவது போல மேசைமேல் பரப்பிவிட்டு, வாத்தியார் இராமையா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இதிலே கொலை பண்ணினது எந்தப் பையன், நல்லையா?" என்று கேட்டார்.

நல்லையா எட்டிப் பார்த்தார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. முதல் படத்தில் இருந்தவன் இப்போதுதான் தீர்ப்பைக் கேட்டவன் போல விழித்தான். இரண்டாமவன் அப்பீல் செய்து தோற்றவன். மூன்றாமவன் மற்றப் பதினொரு பேரையும் காட்டிக்கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பவன். பன்னிரண்டு பேரும் ஒரே கோட்டைப் போட்டிருந்தார்கள். நல்லையாவின் ரத்தினா ஸ்டுடியோவில் இருந்தது அந்த ஒரு கோட்டுதான். ஒல்லிப் பையன்களுக்கு முதுகுப் பக்கம் துணி மாட்டும் கிளிப்பைப் போட்டு இறுக்கியும், குண்டுப் பையன்களுக்குக் கோட்டின் முதுகைக் கத்தரித்துத் திறந்து விட்டும் அதைப் பொருத்தியிருந்தார். அது போதாதென்று எல்லோருடைய வலது கன்னத்திலும் சுண்டைக்காய் அளவில் ஒரு கறுப்புப் புள்ளி.

"அது என்னப்பா, எல்லாப் பயலுக்கும் கன்னத்திலே?"

"திருஷ்டிப் பொட்டுங்க. அவங்கவங்க ஆத்தா வெச்சு அனுப்பினது."

"பதினேழு வயசுப் பயலுக்கா? மூக்குக்குக் கீழே மீசை, பக்கத்திலே மைப்பொட்டா?"

அந்த மைப்பொட்டுதான் பையன்களின் முகத்தைக் கொலைகாரன் முகமாக ஆக்கிற்று என்பது நல்லையாவுக்கும் தெரியும். பெஞ்சியில் நண்பர்கள் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, மீசை அரும்பிய ஒருவனின் தாடையைப் பிடித்துத் தாய் பொட்டு வைத்தால் அவனுக்குக் கொலை வெறி வருவது இயற்கைதானே.

வாத்தியார் நிலைமையை விளக்கினார். ரங்கூனில் பசுந்தாங் பகுதியில் அவர் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து பத்தாம் வகுப்பு முடித்து வெளியே போகிற முதல் கூட்டம் இது. அடுத்த வாரம் சனிக்கிழமை பரிசளிப்பு விழா. பள்ளி இன்ஸ்பெக்டர் துரை வருகிறார். பன்னிரண்டு படமும் கூடத்துச் சுவரில் தொங்க வேண்டும். இவற்றை மாட்டினால் துரை போலீசுக்கு ஆள் அனுப்பிவிட்டுத்தான் மாலையைப் போட்டுக்கொள்வார். ஆகையால் விழாவுக்குள் பையன்கள் பையன்களாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தெரு ஜப்பான்காரர் இருக்கவே இருக்கிறார்.

"அவர் எடுத்த படத்திலே கழுதைகூடச் சிரிக்குதாம்" என்று சொல்லிவிட்டு வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

லான்மடாப் பகுதியில் ஸ்டுடியோ வைத்த இந்தப் பத்தொன்பது வருடத்தில் நல்லையாவுக்குப் பள்ளிக்கூட ஆர்டர் வந்தது இதுதான் முதல் தடவை. அதுவரை அவர் எடுத்தவை பெரும்பாலும் கடைத் திறப்புகளும் சாவுகளும்தான். சாவுப் படங்களில் அவருக்கு நல்ல பெயர் உண்டு. ஆடாமல் அசையாமல் சொன்னபடி இருக்கும் வாடிக்கையாளர்கள் அங்கேதான் கிடைத்தார்கள். இப்போது உயிரோடு இருப்பவர்கள் பக்கமும் தொழில் திரும்பப் போகிறது என்ற பூரிப்பில், 'பள்ளிக்கூடப் படங்களுக்குப் பேர்பெற்ற இடம்' என்று பெரிய பலகை எழுதி வாசலில் மாட்டிவிட்டார். முதல் படம் எடுப்பதற்கு முன்பே மாட்டிவிட்டார் என்பதுதான் சங்கடம். ஆர்டர் கைநழுவினால், தெருவே பார்க்க ஏணி போட்டு ஏறி அதைக் கழற்ற வேண்டும்.

அவர் மனைவி ரத்தினம்மாள் எல்லாவற்றையும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். படம் விழுந்த கண்ணாடி பிளேட்டில் பென்சிலால் பரு, தழும்பு, அம்மைப் புள்ளிகளை மறைக்கிற வேலை அவளுடையது. மறைத்து மறைத்து அவள் அழகாக்கிய மாப்பிள்ளைகள் ரங்கூன் முழுக்க உண்டு.

"பொட்டுதானே குத்தம்? நான் பென்சிலாலே அடைச்சு விட்டுடறேன்" என்றாள்.

அடைத்தாள். பன்னிரண்டு கன்னங்களும் வழித்த சோற்றுப் பானை போல ஆயின. நல்லையா புதுப் படங்களை வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டிவிட்டு, எதிர் வரிசையில் நின்று ரசித்தார். எதையாவது ரசித்தால் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணை உருட்டிப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். கறுப்புத் துணிக்குள் பத்தொன்பது வருடம் குனிந்து பார்த்த தொழில் கொடுத்த பழக்கம் அது. சந்தையில் கத்தரிக்காயைக்கூட அப்படித்தான் பார்ப்பார்.

மறுநாள் காலை அம்மாமார்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் காளியம்மா. பசுந்தாங்கில் இட்லிக் கடை வைத்து, ஒற்றை ஆளாக மகன் அழகப்பனைப் பத்தாம் வகுப்பு வரை கொண்டுவந்தவள். பெட்டிக்குள் இருந்த மகனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"பொட்டு எங்கண்ணே?"

அழகுக்காக எடுத்துவிட்டதாக நல்லையா பெருமையோடு சொன்னார்.

"எம்புள்ளய அம்மணமா நிறுத்திட்டீங்களேண்ணே."

அம்மாமார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் அழகப்பன் ஓடும் டிராமிலிருந்து இறங்குகையில் கால் பிசகிக்கொண்டான். அவன் அப்படி இறங்குவது தினமும் நடப்பதுதான் என்றாலும், பன்னிரண்டு வீடுகளிலும் அன்று வேறு பேச்சு இல்லை. பொட்டில்லாத படம் எங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்று சேதி வந்தது. பொட்டுள்ள படம் சுவரில் ஏறாது என்று வாத்தியாரிடமிருந்தும் சேதி வந்தது. மறுபடி எடுக்க வந்த பையன்களுக்குக் கன்னத்துக்கு ஒன்றாக இப்போது இரண்டு பொட்டு.

நல்லையா யோசித்தார். தம்முடைய காமிராவைத் தள்ளி நின்று பார்த்தார். மூன்று கால், கறுப்பு முக்காடு, நடுவில் பித்தளை விளிம்போடு ஒற்றைக் கண். அவருக்கே பயமாக இருந்தது.

"புரிஞ்சு போச்சு ரத்தினம். அவங்க பயப்படுறது இந்த லென்ஸைத்தான். திருஷ்டி கழிக்க வேண்டியது புள்ளைக்கு இல்லே, காமிராவுக்கு."

அன்று மத்தியானமே காமிராவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, துருத்தியில் ஒரு மைப்பொட்டும் லென்ஸுக்குமேல் குங்குமமும் வைத்தார். மூன்று காலும் சேர்கிற இடத்தில் எலுமிச்சம்பழமும் ஏழு மிளகாயும் கோத்துக் கட்டினார். வாசலில் பூசணிக்காய் உடைத்தார். மொஹிங்கா என்கிற மீன்குழம்பு ஊற்றிய சேவை விற்கிற பர்மாக்கார அம்மாள் அதை மிதித்து வழுக்கி, பானையோடு உட்கார்ந்துவிட, தெருவில் பாதிப் பேருக்கு அன்று இலவசப் பலகாரம் கிடைத்தது. அந்த அம்மாள் பர்மிய மொழியில் சொன்னதை நல்லையா ரத்தினம்மாளுக்கு மொழிபெயர்க்கவில்லை.

அம்மாமார்கள் வந்து காமிராவைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, மடியிலிருந்து மைக்கூட்டை எடுத்து, பழையபடி தத்தம் பிள்ளைகளுக்குப் பொட்டு வைத்தார்கள். இந்தத் தடவை நெற்றி, மோவாய் என்று இன்னும் இரண்டு இடங்கள் கூடியிருந்தன. பையன்களின் முகம் தாயக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. போதாக்குறைக்குப் பருக்களும் படத்தில் கறுப்பாகவே விழுந்ததால், எது தாய் வைத்தது, எது ஆண்டவன் வைத்தது என்று ரத்தினம்மாளுக்கே பிரித்தறிய முடியவில்லை.

ஜப்பான்காரரின் ரகசியம் என்ன என்று நல்லையா விசாரித்தார். அவர் படம் எடுக்கும்போது ஆட்களிடம் இனிக்க இனிக்கப் பேசுவார் என்று தெரிந்தது. இவ்வளவுதானா என்று நல்லையா ஆறுதலடைந்தார். வார்த்தைக்கா அவரிடம் பஞ்சம். மறுநாள் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒவ்வொரு பையனையும் புகழ ஆரம்பித்தார். என்ன தோள், என்ன மார்பு, கண்ணெல்லாம் ராஜா மாதிரி அல்லவா, இந்தக் களை இந்த வட்டாரத்தில் யாருக்கு உண்டு, இன்றைக்கெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறதே என்று உருகினார். துணிக்கு வெளியே தலையை நீட்டி, ஒற்றைக் கண்ணால் இன்னொரு தடவை ஆசையாகப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனார்.

பெஞ்சியில் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ மூன்று தடவை துப்பும் சத்தம் கேட்டது. பையன்கள் கோட்டுக்குள் ஆமை போலத் தலையை இழுத்துக்கொண்டார்கள். கருப்பண்ணன் என்ற பையனை, "ராசா, நீ நூறு பேரு நடுவிலே நின்னாலும் உன்னைத்தான்டா கண்ணு தேடும்" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், அவன் தாய் பாய்ந்து வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பிளேட்டில் காலி நாற்காலியும், கோட்டின் பாதியும், ஒரு தாயின் முழங்கையும் விழுந்திருந்தன. கருப்பண்ணனுக்கு அன்றைக்கே காய்ச்சல். பங்குனி வெயில் அப்படி அடித்தது.

"பையன்களை இங்கே கூப்பிட்டாத்தானே விறைச்சுப் போறாங்க? அவங்க வீட்டிலே சகஜமா இருக்கும்போது போய்ப் பார்த்தா, எந்த முகம் எப்போ மலருதுன்னு பிடிபட்டுடும்" என்று அடுத்த வழியைக் கண்டுபிடித்தார் நல்லையா.

மறுநாள் டிராம் ஏறிப் பசுந்தாங் போனார். முதல் வீடு காளியம்மாவுடையது. அழகப்பன் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தான். சாப்பிடும்போதுதான் மனிதன் முகம் நிஜமாக இருக்கும் என்று நல்லையாவுக்குத் தோன்றியது. எதிரே சம்மணம் போட்டு அமர்ந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, இலைக்கும் வாய்க்குமாகப் பார்வையை நடத்தினார்.

"பதினொண்ணு" என்றார் பாசத்தோடு. "இந்த வயசிலே பதினொரு இட்லி. நல்ல வயிறு, காளியம்மா. கொடுத்து வெச்சவன்."

காளியம்மா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. பிறகு இலையை மகனோடு சேர்த்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். நல்லையா அடுத்த வீட்டுக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. அதற்கடுத்த வீடும் அப்படியே. அவர் தெருவில் நடக்க நடக்க, முன்னால் முன்னால் கதவுகள் சாத்திக்கொண்டே போயின. பசுந்தாங்கில் பகல் தூக்கத்துக்கு இவ்வளவு செல்வாக்கு என்பது அவருக்கு அதுவரை தெரியாது.

அன்று மத்தியானம் அழகப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான்.

விழாவுக்கு மூன்று நாள்தான் பாக்கி. நல்லையா கடைசி அஸ்திரத்தை எடுத்தார். லென்ஸின் முன்னால் அசையாமல் நான்கு விநாடி உட்கார வேண்டியிருப்பதுதானே தொல்லை? வெளிச்ச மருந்து கொளுத்தினால் கண் இமைக்கிற நேரத்தில் வேலை முடிந்துவிடும். பயப்படுவதற்கே அவகாசம் இருக்காது. மக்னீசியம் மருந்து வாங்கி வந்து, தகரத் தட்டில் கொட்டி, காமிராவுக்குப் பக்கத்தில் வைத்தார். அளவு கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. ரத்தினம்மாள் முதலில் ஆள் இல்லாமல் கொளுத்திப் பாருங்கள் என்றாள். அவள் சொன்னதில் அவர் கேட்டது இது ஒன்றுதான். அதற்காகப் பன்னிரண்டு குடும்பங்கள் அவளுக்குக் கடன்பட்டிருக்கின்றன.

தட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கிய ஏழு மிளகாயை இருவருமே மறந்துபோனார்கள்.

வெளிச்சம் வந்தது. அதற்குமேல் நல்லையா எதையும் பார்க்கவில்லை. அவர் புருவம் ஒரு பக்கம் இல்லாமல் போயிற்று. வறுபட்ட மிளகாய்ப் புகை ஸ்டுடியோவை நிறைத்து, மாடி ஏறி, தெருவுக்கு இறங்கி, மொஹிங்கா அம்மாளை மறுபடி பானையைத் தூக்கிக்கொண்டு ஓட வைத்தது. மூலை மருந்தகத்துப் பர்மாக்கார டாக்டர் அவருடைய கண்கள் இரண்டையும் கழுவி, பஞ்சு வைத்து, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டார். பார்வைக்கு ஆபத்தில்லை, ஆனால் திங்கட்கிழமை வரை கட்டை அவிழ்க்கவே கூடாது என்றார்.

நல்லையா வீட்டுக்கு வந்து, தடவித் தடவி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பலகையைக் கழட்டச் சொல்லி ஆள் அனுப்பு, ரத்தினம். நான் ஏணியிலே ஏறினா அதுவும் ஒரு சாவுப் படமா முடிஞ்சிடும்."

ரத்தினம்மாள் ஆள் அனுப்பினாள். ஆனால் அந்த ஆள் போனது பசுந்தாங்குக்கு. ஸ்டுடியோக்காரருக்குக் கண் இரண்டும் கட்டியிருக்கிறது, வெள்ளிக்கிழமை காலை நானே காமிராவைப் பார்த்துக்கொள்கிறேன், பிள்ளைகளை அனுப்பி வையுங்கள் என்று சேதி.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே பன்னிரண்டு பையன்களும், பன்னிரண்டு தாய்மாரும், போதாததற்கு இரண்டு சித்திமாரும் வந்துவிட்டார்கள். காய்ச்சலிலிருந்து எழுந்த கருப்பண்ணனும் வந்திருந்தான். நல்லையாவின் கையில் ரப்பர் குமிழைக் கொடுத்து, காமிராவுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார வைத்தாள் ரத்தினம்மாள். அவள் துணிக்குள் குனிந்து பார்த்து, லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தாள். கூரைக் கண்ணாடி வழியே வெயில் கொட்டியது; இனி ஒரு நொடியே போதும். தலை அசையாதபடி கழுத்துக்குப் பின்னால் நிறுத்துகிற இரும்புக் கவ்வியை எடுத்து மூலையில் வைத்தாள். அவள் சரி என்றதும் அவர் அமுக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

நல்லையாவுக்குக் கண் எரிந்தது. மானமும் சேர்ந்து எரிந்தது. யாரைப் பார்த்துப் புகழ்வது? எதையுமே பார்க்க முடியவில்லையே. கோபம் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"யாருடா அது, உட்கார்றப்பவே நாற்காலி அழுவுது?"

"அழகப்பன், ஸயா" என்று பர்மிய மரியாதையோடு பதில் வந்தது.

"நீயா? உனக்குப் பேரு வெச்சவன் என்னை மாதிரிக் கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் வெச்சிருப்பான். பதினொரு இட்லி தின்னு கழுத்தையே காணோம். தவலைக்குக் கோட்டு மாட்டின மாதிரி இருப்பே. இந்த மூஞ்சியைச் சுவத்திலே மாட்டினா சுவரு தாங்குமாடா?"

பெஞ்சியில் காளியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. அதைப் பார்த்து அழகப்பன் சிரித்தான். ரத்தினம்மாள் சரி என்றாள். நல்லையா குமிழை அமுக்கினார்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. அடுத்தவனைக் கருவாடு என்றார். அதற்கடுத்தவனின் மீசை எறும்பு வரிசையாகத்தான் இருக்க வேண்டும் என்றார். கருப்பண்ணனை, நூறு பேர் நடுவில் நின்றால் உன்னைத்தான் முதலில் வெளியே அனுப்புவார்கள் என்றார். ஒவ்வொரு வசவுக்கும் அம்மாமார்கள் வெல்லம் வாங்கித் தின்றது போல மகிழ்ந்தார்கள். இன்னும் நாலு வார்த்தை எம்பிள்ளையையும் சொல்லுங்கள் என்று ஒருத்தி கேட்டே விட்டாள். பையன்கள் ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டு முறைக்கு நின்றார்கள்.

"என்னங்க, ஒருத்தன் முகத்திலேயும் பொட்டு இல்லீங்க" என்று துணிக்குள்ளிருந்து ரத்தினம்மாள் கிசுகிசுத்தாள். "வெச்சுக்கிட்டு வந்தவனுக்கும் அவங்க ஆத்தாவே முந்தானையாலே துடைச்சு விடறாங்க."

எலுமிச்சம்பழம் இப்போதுதான் வேலை செய்கிறது என்று நல்லையா நினைத்துக்கொண்டார். அல்லது காமிராவில் இருந்த எதுவோ அந்த மருந்தில் எரிந்து போயிருக்க வேண்டும்.

சனிக்கிழமை விழாவில் பன்னிரண்டு படங்களும் சுவரில் தொங்கின. வாத்தியார் இராமையா மூக்குக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தும் இவர்களில் யாரும் கொலை செய்ததாகத் தெரியவில்லை என்றார். துரை ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று பையனைத் தேடி, கண்டுபிடித்து, கை குலுக்கினாராம். இனி வருஷா வருஷம் பத்தாம் வகுப்புப் படம் ரத்தினா ஸ்டுடியோவுக்குத்தான் என்று மேடையிலேயே அறிவிக்கப்பட்டது. நல்லையாவின் கழுத்தில் மாலை விழுந்தது. எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல் நாலு பக்கமும் கும்பிட்டார்.

கூட்டம் கலைந்தபின் அவர் சுவரோரமாக நின்றார். வாழ்நாளிலேயே அவர் எடுத்த நல்ல படங்கள் ஒரு முழ தூரத்தில் இருந்தன. அவர் மட்டும் அவற்றைப் பார்க்கவில்லை. கையை நீட்டித் தடவினார். சட்டத்தின் விளிம்பு அகப்பட்டது.

"அது எம்புள்ளதாண்ணே" என்றாள் காளியம்மா, பக்கத்தில் வந்து. "சிரிக்கிறான். மேல் வரிசையிலே ஒரு பல்லு கோணலா இருக்குமே, அதுகூட அப்படியே விழுந்திருக்கு. அவங்கப்பாவுக்கும் அதே பல்லுதான். எனக்கே மறந்து போச்சு."

நல்லையாவின் கட்டுக்குள் பஞ்சு நனைந்தது. டாக்டர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டார்.

"ஏன் தங்கச்சி, எலுமிச்சம்பழம் கட்டினேன், பூசணிக்காய் உடைச்சேன். அப்பல்லாம் அடங்காம ஒரு கண்ணுக்கு அப்படிப் பயந்தீங்களே. நேத்து மட்டும் அந்தக் கண்ணு எங்கே போச்சு?"

காளியம்மா அவருடைய தலைக்குப் பின்னால் நெகிழ்ந்திருந்த முடிச்சை, சொந்த அண்ணனுக்குச் செய்வது போல, பதமாக இழுத்து இறுக்கிவிட்டாள்.

"அதைத்தான் டாக்டரு நல்லாச் சுத்திக் கட்டி வெச்சிருந்தாரேண்ணே."